இமாம் கஸ்ஸாலி (ரஹ்): மறுமை பற்றிய வாதமும் மரணத்தின் நினைவும்

ஹிஜ்ரி 488, ரஜப் மாதம், கி.பி. 1095ஆம் ஆண்டு ஜூலை. பக்தாத் நகரத்து நிஜாமியாக் கலாசாலையில் பாடம் சொல்ல அமர்ந்த தலைமைப் பேராசிரியரின் நா எழவில்லை. எதிரே அமர்ந்து கேட்டு வந்த மாணவர் முந்நூறு பேர். ஒரு நாளேனும் அவர்கள் மனம் நிறையப் பாடம் சொல்லிவிட வேண்டும் என்று முயன்றார்கள். ஒரு சொல்லும் வெளிவரவில்லை. நாளடைவில் உணவும் இறங்காது போயிற்று. உண்ட ஒரு கவளமும் செரிக்கவில்லை. நாடி பிடித்துப் பார்த்த மருத்துவர்கள், நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்கு இறங்கியிருக்கிறது, இதற்கு எங்களிடம் மருந்தில்லை எனக் கைவிரித்தனர். அப்போது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு வயது முப்பத்தேழு.

அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அவர்கள் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா என்னும் நூலை எழுதி முடித்திருந்தார்கள். தத்துவவாதிகளின் தடுமாற்றம் என்பது அப்பெயரின் பொருள். மரித்த மனிதன் உடலோடு மீண்டும் எழுப்பப்படுவான் என்பதை ஏற்காத தத்துவவாதிகளுக்கு அந்நூலின் இறுதிப் பகுதி மறுமொழி கூறுகிறது. மறுமையைப் பற்றிய வாதத்தில் எவரும் எதிர்நிற்க இயலாத அறிஞர் என்று பெயர் பெற்ற சில திங்களிலேயே, தம் முடிவைப் பற்றிய அச்சம் அவர்களுடைய தொண்டையை அடைத்தது. கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெருமையைப் பேசும் நம் மேடைகள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனித்தனியே சொல்லும். ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது அரிது. பொருத்திப் பார்த்தால்தான் அவர்களின் வாழ்வு விளங்கும் என்பது என் எண்ணம்.

குராசான் நாட்டின் தூஸ் பகுதியில், ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல் அவர்கள் பிறந்ததாகக் கொள்வது மரபு. தூஸ், இன்றைய ஈரானில் மஷ்ஹத் நகருக்கு அருகே உள்ளது. தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த எளியவர். எழுத்துக் கல்லாது வாழ்நாளைக் கழித்துவிட்டோமே என்னும் ஏக்கம் அவருக்கு இருந்தது. இறக்குந் தறுவாயில், முஹம்மது, அஹ்மது என்னும் தம் இரு மக்களையும், சேர்த்து வைத்திருந்த சிறு தொகையையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, இவர்களேனும் கற்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். தொகை தீர்ந்தது. நண்பரும் ஏழை. மதரஸாவில் சேர்ந்தால் கல்வியோடு உணவும் கிடைக்கும் என்று கூறி அவர் இருவரையும் அனுப்பி வைத்தார். வயிற்றுக்காகக் கற்கப் போனோம் என்பதைப் பிற்காலத்தில் இமாம் அவர்கள் மறைக்கவில்லை. விடுதிச் சோற்றை நம்பிக் கல்லூரிக்கு வரும் மாணவர் இந்தச் செய்தியை அறிந்திருத்தல் நலம்.

இளமையில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். ஜுர்ஜானில் பயின்று ஊர் திரும்பும் வழியில் கள்வர் மறித்தனர். எல்லாவற்றையும் பறிகொடுத்த இளைஞர், தம் பாடக் குறிப்புகள் இருந்த பையை மட்டும் தருமாறு கெஞ்சினார். பையைப் பறித்தவுடன் போய்விடுகின்ற அறிவு என்ன அறிவு என்று நகைத்தான் கள்வர் தலைவன். பை திரும்பக் கிடைத்தது. ஆயினும் அச்சொல் நெஞ்சில் தைத்தது. தூஸ் திரும்பி மூன்றாண்டுகள் அக்குறிப்புகளை எல்லாம் மனனம் செய்தார்கள். எவர் வந்து பறித்தாலும் எஞ்சுவது எது என்னும் கேள்வி அன்றே அவர்களுக்குள் விழுந்துவிட்டது எனலாம். பிற்காலத்தில் அவர்கள் மரணத்தைப் பற்றி எழுதிய பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இக்கள்வனின் நினைவே வருகிறது.

பின்னர் நைஸாப்பூர் சென்று, இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். 1085இல் அப்பேராசான் மறைந்தபோது, நானூறு பேர் அளவினரான மாணவர்கள் தம் எழுதுகோல்களையும் மைக்கூடுகளையும் உடைத்து எறிந்து, ஓராண்டு துக்கம் காத்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவர்களுள் ஒருவராகிய கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஸெல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையை அடைந்தார்கள். அங்கே கூடிய அறிஞர்களோடு வாதிட்டு வென்றார்கள். 1091இல் பக்தாத் நிஜாமியாவின் தலைமைப் பதவி தேடி வந்தது. அன்று நகருக்குள் நுழைந்தபோது அவர்களுடைய ஆடையும் ஊர்தியும் ஐந்நூறு பொற்காசு பெறும் என்று மக்கள் மதிப்பிட்டனர். கம்பளி நூற்றவரின் மைந்தருக்கு இது கனவினும் பெரிய வாழ்வு.

அந்த வாழ்வின் நடுவே மரணங்கள் தொடர்ந்து நிகழ்ந்தன. 1092 அக்டோபரில் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அடுத்த மாதமே சுல்தான் மலிக்ஷா இறந்தார். 1094இல் கலீஃபா அல்முக்ததீ காலமானார். கற்றுத் தந்தவர், ஆதரித்தவர், ஆண்டவர் என ஒவ்வொருவராக மறைய, பாடம் சொல்வதும் நூல் எழுதுவதும் தடையின்றி நடந்தன. அக்காலத்தில் ஓய்வு நேரங்களில், ஆசிரியர் எவருமின்றி, தத்துவ நூல்களைத் தாமே கற்றார்கள். இரண்டாண்டிற்குள் அவற்றின் எல்லையைக் கண்டு, மேலும் ஏறத்தாழ ஓராண்டு அவற்றையே அசைபோட்டதாக அவர்கள் தம் வரலாற்றில் குறித்துள்ளார்கள். எதிர்க்க விரும்பும் கொள்கையை, அதனை உடையவரினும் நன்றாகக் கற்ற பின்னரே எதிர்க்க வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடித்த முறை.

எதிரே நின்றவர் எளிய மனிதரல்லர். 1037இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஸீனாவின் சிந்தனையே அன்று தத்துவ உலகை ஆண்டது. உயிர் என்பது உடலின் ஒரு கூறன்று, தனித்து நிற்கவல்ல பொருள் என்பது அவர் கொள்கை. இதனை விளக்க அவர் ஒரு கற்பனையை அமைத்தார். முழு வளர்ச்சியுற்ற ஒரு மனிதன் திடீரென்று வெற்றிடத்தில் படைக்கப்பட்டு மிதக்கின்றான் எனக் கொள்வோம். கண் எதனையும் காணவில்லை. விரலோடு விரல் தொடவில்லை. காற்றின் உராய்வும் இல்லை. உடல் ஒன்று தனக்கு உண்டென்பதையே அவன் அறியான். ஆயினும் தான் இருப்பதை அறிவான். அங்ஙனமாயின், உடலும் தானும் ஒன்றல்ல என்றாயிற்று. கூறுகளால் ஆன பொருளே சிதையும். உயிருக்குக் கூறுகள் இல்லை. ஆகவே அது சிதைவதில்லை. மறுமையின் இன்பமும் துன்பமும் அறிவுக்கே உரியவை என்றும், சுவனத்துச் சோலைகளும் நரகத்து நெருப்பும் பொதுமக்களுக்கு விளங்கும் பொருட்டு அமைந்த உவமைகள் என்றும் இவ்வழியினர் கருதினர்.

உடல் மீளாது என்பதற்கு அவர்கள் காட்டிய காரணங்களும் வலுவானவை. மனிதன் மண்ணாகிறான், மண் பயிராகிறது, பயிரை ஆடு மேய்கிறது, ஆட்டை மற்றொரு மனிதன் உண்கிறான். பஞ்சத்தில் மனிதனை மனிதனே தின்றதும் உண்டு. தின்றவன் உடம்பில் ஒன்றிய அத்தசை, இருவரும் எழுப்பப்படும் நாளில் எவனுக்கு உரியது? இரும்பு ஒருபோதும் நேரே தலைப்பாகைத் துணியாக மாறுவதில்லை. அது துகளாகி, மண்ணில் கலந்து, பருத்தியாக முளைத்து, பஞ்சாகி, நூலாகி, நெய்யப்பட்ட பிறகே துணியாக இயலும். அதுபோலவே மண்ணும் உரிய நிலைகளைக் கடக்காமல் மனிதனாக எழ முடியாது என்றனர்.

தஹாஃபுத்து இருபது வாதங்களைக் கொண்டது. அவற்றுள் பதினெட்டும் பத்தொன்பதும் உயிரைப் பற்றியவை. இருபதாவது உடல் எழுப்பப்படுதலைப் பற்றியது. உயிர் அழிவற்றது என்பதை இமாம் அவர்கள் மறுத்தார்கள் என எண்ணுதல் பிழை. அதனை வேத ஒளியின்றித் தனி அறிவாலேயே நிறுவிவிட்டோம் என்று தத்துவவாதிகள் உரிமை கொண்டாடியதையே மறுத்தார்கள். உடலைப் பற்றிய வினாவுக்கு அவர்கள் தந்த விடை நுட்பமானது. குழந்தையாய் இருந்தவன் முதியவனாகும் வரை உண்ட உணவால் அவன் உடம்பின் பொருள் மாறிக்கொண்டே வருகிறது. ஆயினும் அவன் அவனே. ஆகையால் மனிதன் உயிரால் மனிதன். அவ்வுயிருக்கு இறைவன் பழைய மண்ணைக்கொண்டு உடல் சமைத்தாலும், வேறொன்றைக்கொண்டு சமைத்தாலும், எழுபவன் அவனே. இரும்பு துணியாகும் நிலைகளைக் கடப்பதற்கு இத்துணைக் காலம் வேண்டும் என்பதை வரையறுத்தவர் யார் என்றும் கேட்டார்கள். காந்தம் இரும்பை ஈர்ப்பதைக் கண்டறியாதவனிடம் அதைச் சொன்னால் நம்பான். காணாத ஒன்றை நடவாத ஒன்று என அவன் முடிவு கட்டுவான் என்றும் எடுத்துக்காட்டினார்கள்.

நூலின் முடிவில், மூன்று கொள்கைகள் மார்க்க வரம்பைக் கடந்தவை என்று தீர்ப்பும் வழங்கினார்கள். அவற்றுள் ஒன்று, உடல் எழுப்பப்படுதலை மறுப்பது. இத்தீர்ப்பு கடுமையானது என்று கருதியவர் இஸ்லாமிய உலகிலேயே இருந்தனர். ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், ஸ்பெயின் நாட்டில் குர்துபாவின் காழியாகிய இப்னு ருஷ்து, தஹாஃபுத்துத் தஹாஃபுத் என்னும் மறுப்பு நூலை எழுதினார். மறுமை உண்டு என்பதில் எவருக்கும் ஐயமில்லை, அது எவ்வாறு என்பதிலேயே கருத்து வேறுபாடு, அதற்காக ஒருவரை மார்க்கத்திலிருந்து விலக்கலாகாது என்பது அவருடைய நிலை. அழிந்த உடலே மீளாது, அதனை ஒத்த உடலே மீளும் என்று அவர் கூறிய இடத்தில், கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் விடைக்கு மிக அருகில் வந்து நிற்கிறார். இமாம் அவர்கள் ஒரு நூலில் மறுத்த கருத்தை மற்றொன்றில் சூஃபிகளின் கருத்தாகக் கூறியுள்ளார்கள் என்றும் அவர் குறை கண்டார். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி ஒருவர்க்கு வெற்றிமாலை சூட்டும் பட்டிமன்ற வழக்கம் நமக்கு உண்டு. ஒரே வேதத்தை நம்பிய இருவர், நூறாண்டு இடைவெளியில், ஒரே அச்சத்தையும் ஒரே ஆசையையும் நடுவில் வைத்து உரையாடினர் என்று கொண்டால் இரண்டு நூல்களும் நமக்கு மிஞ்சும்.

பக்தாதுக்குத் திரும்புவோம். மறுமையைத் தனியறிவால் நிறுவ முடியாது, அது நம்பிக்கையால் பெற வேண்டியது என்று எழுதிய கை, அந்த நம்பிக்கை தம்மிடத்தில் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கியது. தம் போதனையின் நோக்கத்தை ஆராய்ந்தபோது, அது இறைவனுக்காக அன்று, புகழுக்காகவே என்று கண்டதாக இமாம் அவர்களே எழுதியிருக்கிறார்கள். இடிந்து விழும் ஆற்றங்கரையின் விளிம்பில் நிற்பதாகத் தம்மை உணர்ந்தார்கள். காலையில் புறப்படத் துணிவார்கள். மாலையில் அத்துணிவு தளரும். ஏறத்தாழ ஆறு மாதம் இப்போராட்டம் நீடித்தது. அதனிடையே நா அடைத்தது. நிஜாமுல் முல்க்கைக் கொன்ற பாத்தினீக்களுக்கு அஞ்சியே அவர்கள் நகரை நீங்கினார்கள் என்று கருதும் ஆய்வாளரும் உளர். அச்சம் இருந்திருக்கலாம், ஆனால் கத்திக்கு அஞ்சியவர் ஆட்சியாளரின் காவலைத் தேடியிருப்பார், இவர்களோ அதனைத் துறந்து தனிவழி போனார்கள்.

1095 நவம்பரில் புறப்பாடு. மக்கா செல்வதாகச் சொல்லி, உள்ளத்தில் ஷாம் நாட்டை நாடினார்கள். குழந்தைகளின் பராமரிப்புக்கு வேண்டியதை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றைச் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். திமிஷ்கு நகரத்துப் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுதும் தனித்திருந்தார்கள். பின் பைத்துல் முகத்தஸ் சென்று, அங்கும் தனிமையே.

அங்கிருந்து அல்கலீல் நகருக்குச் சென்றார்கள். ஹிஜ்ரி 489. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிகளை மேற்கொண்டார்கள்: அரசர் அவைக்குச் செல்வதில்லை, அரசர் பொருளைப் பெறுவதில்லை, எவரோடும் வாதம் புரிவதில்லை. முதல் இரண்டும் துறவியர் பலர் மேற்கொள்பவை. மூன்றாவதுதான் நம்மை நிறுத்துகிறது. அக்காலத்தின் தலைசிறந்த வாதி, வாதத்தைக் கைவிட்டார். எந்த இடத்தில் என்பதையும் கருதுக. இறந்தோரை எவ்வாறு உயிர்ப்பிப்பாய் எனக் காட்டுமாறு இறைவனிடம் வேண்டியவர்கள் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள். நம்பிக்கை இல்லாமையால் அன்று, உள்ளம் அமைதி பெறுவதற்காகவே கேட்டதாகத் திருமறை கூறும். நம்பிக்கை வேறு, உள்ளத்தின் அமைதி வேறு என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. இமாம் அவர்கள் அதனை அங்கே நினைத்தார்களா என்று எங்கும் எழுதவில்லை. நினைக்காமல் இருந்திருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

இந்த நாடோடி ஆண்டுகளில் உருவானதுதான் இஹ்யாவு உலூமித்தீன். நாற்பது பிரிவுகள் கொண்ட அப்பெருநூலின் பகுதிகள் தமிழிலும் வந்துள்ளன. ஷாஃபி மத்ஹபு வழங்கும் நம் கடற்கரை ஊர்களில், அம்மத்ஹபின் பேரறிஞராகிய இமாம் அவர்களின் பெயரை அறியாத முதியோர் இல்லை. நாற்பதாவது பிரிவு, மரணத்தையும் அதன் பின்னுள்ளதையும் நினைத்தலைப் பற்றியது. தொழுகை, உணவு, திருமணம், வாணிகம், பொறாமை, நன்றி, பொறுமை என வாழ்வனைத்தையும் பேசிய நூல், கடைசியாக அங்கே வந்து முடிகிறது.

தஹாஃபுத்தின் இருபதாம் வாதத்தையும் இஹ்யாவின் நாற்பதாம் பிரிவையும் அடுத்தடுத்துப் படிப்பவர், இரண்டையும் எழுதியவர் ஒருவர்தானா என வியப்பர். மரணம் என்பது என்ன என்னும் கேள்வி இங்கும் உண்டு. கை முடங்கினால் அது நம் ஏவலைக் கேட்பதில்லை. மரணம் என்பது எல்லா உறுப்பும் அங்ஙனம் முடங்குவது. கருவி கைவிட்டுப் போகிறது, கருவியைக் கையாண்டவன் எஞ்சுகிறான் என விளக்குகிறார்கள். எஞ்சுகிறவனுக்கு நேரும் வேதனை எது? தான் நேசித்தவற்றிலிருந்து பிரிக்கப்படுதல். இவ்வுலகை மட்டுமே நேசித்தவனுக்கு எல்லாம் பறிபோகிறது. இறைவனை நேசித்தவனுக்குத் தடை நீங்குகிறது. பை பறிபோன பின் எது மிஞ்சும் என்று கள்வன் கேட்ட கேள்விக்கு, இங்கே விடை எழுதப்படுகிறது.

கப்ரில் பாவியைத் தீண்டும் பாம்புகளைப் பற்றிய செய்திக்கு வரும்போது, பழைய வாதி எட்டிப் பார்க்கிறார். கப்ரைத் திறந்தால் பாம்பு ஒன்றும் காணப்படவில்லையே என்பான் ஒருவன். இக்கண்ணுக்குப் புலனாகாத பாம்பு என்று கொள்ளலாம். தூங்குகிறவன் கனவில் கடிபட்டு அலறுவதைப் போன்றது என்று கொள்ளலாம். தீய குணங்களே அங்கே நஞ்சாக வருத்தும் என்றும் கொள்ளலாம். மூன்று வழிகளையும் காட்டிய பின் ஓர் உவமை சொல்கிறார்கள். அரசன் ஒருவனைச் சிறைப்பிடித்து, விடிந்ததும் கையையும் மூக்கையும் அறுக்க ஆணையிட்டான். சிறைப்பட்டவனோ, அறுப்பது கத்தியாலா, வாளாலா, சவரக் கத்தியாலா என்று இரவெல்லாம் சிந்தித்துக்கொண்டிருந்தான். தப்பும் வழியை எண்ணவே இல்லை. மறுமையின் விவரங்களை ஆராய்ந்தே வாழ்நாளைப் போக்குபவனின் நிலை அதுவே என்கிறார்கள். தஹாஃபுத்தை எழுதியவரிடமிருந்து இவ்வுவமை வருவதால், அது பிறரை நோக்கி மட்டும் எறியப்பட்டதன்று.

ஆகவே அப்பிரிவில் வாதத்தைக் காட்டிலும் பயிற்சியே மிகுதி. மரணத்தை எவ்வாறு நினைப்பது? உம்மோடு பழகி உமக்கு முன்பே போனவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பாரும் என்கிறார்கள். அவர்கள் வகித்த பதவி, அமர்ந்த இடம், சிரித்த சிரிப்பு, அடுத்த ஆண்டுக்கென்று போட்ட திட்டம். அம்முகங்களை மண் இப்போது எவ்வாறு மாற்றியிருக்கும் என்பது. அவர்தம் மனைவியும் மக்களும் பட்ட பாடு. நிலையாமை அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது நான் இதனைச் செய்து பார்த்ததுண்டு. அவரவர் இழந்த ஒருவரின் முகத்தை ஒரு நிமிடம் நினைக்கச் சொன்னால், அரட்டை அடிக்கும் கடைசி வரிசையும் அடங்கிவிடும். நூலின் கடைசிப் பக்கங்களில் நரகின் வருணனையோடு இமாம் அவர்கள் நிறுத்தவில்லை. இறைவனின் அருட்பரப்பைப் பேசியே நாற்பதாவது பிரிவை முடிக்கிறார்கள்.

ஊர் திரும்பும் வழியில் 1097இல் பக்தாதில் சிறிது காலம் தங்கினார்கள். அவர்களின் உடையையும் ஊர்தியையும் ஐந்நூறு பொற்காசாக மதிப்பிட்ட ஊர், இப்போது பதினைந்து கீராத்து என மதிப்பிட்டது. பொற்காசு ஒன்றுக்கும் குறைவான தொகை அது. பின்னர்த் தூஸில் தனிமை. 1106இல் நிஜாமுல் முல்க்கின் மைந்தர் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நைஸாப்பூரில் மீண்டும் பாடம் சொன்னார்கள். உறுதிமொழி தளர்ந்துவிட்டதா என்று கேட்டவர்கள் இருந்தனர். முன்பு புகழைத் தரும் கல்வியைப் போதித்தேன், இப்போது புகழைக் கைவிடச் சொல்லும் கல்வியைப் போதிக்கிறேன் என்னும் பொருள்படத் தம் வரலாற்றில் விளக்கம் தந்தார்கள். அது முற்றிலும் தம் கருத்தை நிறைவு செய்ததா என்பது அவர்களுக்கே தெரியும். ஃபக்ருல் முல்க்கும் தந்தையைப் போலவே கொலையுண்டார். இமாம் அவர்கள் மீண்டும் தூஸ் சென்று, வீட்டருகே மாணவர்க்கொரு மதரஸாவும் சூஃபிகளுக்கு ஓர் உறைவிடமும் அமைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை, கி.பி. 1111 டிசம்பர் 18. அன்று நடந்ததைத் தம்பி அஹ்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் சொல்ல நாம் அறிகிறோம். சுபுஹு நேரத்தில் அண்ணன் ஒளூச் செய்து தொழுதார்கள். தம் கஃபன் துணியைக் கொண்டுவரச் சொன்னார்கள். என் பாட்டியார் பெட்டியில் ஸம்ஸம் நீரில் நனைத்து உலர்த்திய கஃபன் துணி ஒன்று இருந்தது. ஆண்டுக்கொரு முறை அதை எடுத்து வெயிலில் காய வைப்பார்கள். சிறுவர்களாகிய நாங்கள் அன்று முற்றத்துப் பக்கமே போகமாட்டோம். இமாம் அவர்கள் தம் துணியைக் கையில் வாங்கி, முத்தமிட்டு, கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். அரசனின் முன்னிலைக்குக் கீழ்ப்படிந்து செல்கிறேன் என்னும் கருத்தில் ஏதோ சொன்னார்கள். கால்களை நீட்டிக் கிப்லாவை நோக்கிப் படுத்தார்கள். வெளிச்சம் பரவுமுன் உயிர் பிரிந்திருந்தது.

அவர்களுக்குப் பின் பெண்மக்களே எஞ்சியிருந்தனர். தூஸின் தாபரான் பகுதியில் அடக்கம் செய்தார்கள்.